கிரவல் போடாத பக்கம்

சுகாதாரப் பரிசோதகர் வெள்ளை அகப்பை ஒன்றை எங்கள் துரவுக்குள் விட்டு ஒரு தரம் கோலி எடுத்தார். பாசியை விரலால் ஒதுக்கிவிட்டு அகப்பையை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். அதற்குள் நுளம்பாக மாறப்போகும் குடம்பிப் புழுக்கள் கறுத்த நூல் துண்டுகளைப் போலத் துள்ளிக்கொண்டிருந்தன.

“ஐயா, இதைத் துப்பரவாக்குங்கோ, இல்லாட்டி மூடுங்கோ. அடுத்தமுறை நான் வரேக்கையும் இப்பிடி இருந்தால் வழக்குப் போடவேண்டி வரும்.”

“மூடுறன்,” என்றார் அப்பா. அவர் யோசிக்கவே இல்லை.

கல் கட்டாமல், அகலமாக, கரை சரிய வெட்டிய நீர்க்குழியை எங்கள் பக்கத்தில் துரவு என்போம். எங்களுடையது உருத்திரபுரத்து வளவின் பின்மூலையில், வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் வாய்க்கால், அதற்கப்பால் வயல். கலியாணம் செய்த புதிதில் கத்தரித் தோட்டத்துக்குத் தண்ணீர் அள்ளுவதற்காக அப்பா தன் கையாலேயே வெட்டியது. இப்போது அதை மூடப்போகிறேன் என்று சொன்னவரும் அவர்தான்.

அவருக்கும் காரணம் இருந்தது. பக்கத்து வளவில் இருக்கும் அக்காவின் மகள் நடக்கத் தொடங்கியிருந்தாள். நடை பழகிய நாளிலிருந்து அவள் நடந்த திசையெல்லாம் துரவு இருந்த திசைதான். அம்மா ஒரு தரம் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்துத்தான் அவளை நிறுத்தினார். அன்றைக்கே அப்பா ட்ரெக்டர்காரரிடம் சொல்லிவிட்டார்: பொங்கல் கழிந்து, நிலம் காய்ந்து, சில்லுப் புதையாத நேரம் பார்த்து, துரவை மூடக் கிரவல் மண் கொண்டுவந்து கொட்டவேண்டும்.

பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனதும் நான் சொன்னேன்.

“மூட வேண்டாம் அப்பா. நான் துப்பரவாக்கி மீன் விடுறன். மீன் நிண்டால் குடம்பி நிக்காது. சுத்திவர வேலியும் அடைப்பம்.”

“உதுக்குத்தானோ கம்பஸ் போனனி?” என்று அம்மா குசினிக்குள் இருந்து கேட்டார்.

“ஓம், உதுக்குந்தான்.”

அப்பா வேப்பங்குச்சியால் பல்லைக் குத்தியபடி துரவைப் பார்த்தார். “சரி. பொங்கல் வரைக்கும் பாப்பன். பொங்கலண்டைக்குக் கரையில வந்து நிப்பன். நீ விட்ட மீனை என்ர கண்ணால காணோணும். காணாட்டிக் கிரவல். பிறகு அழக்கூடாது.”

“நான் எப்ப அழுதனான்?”

“புலமைப்பரிசில் ரிசல்ட் வரேக்கை.”

“அது பாஸ் பண்ணினதுக்கு அழுதது.”

“அழுகை அழுகைதான்.”

எங்கள் குடும்பத்தில் பாடசாலையைக் கடைசி வகுப்பு வரை முடித்த முதல் ஆள் நான். அப்பா ஐந்தாம் வகுப்போடு வயலுக்கு இறங்கியவர். அம்மாவுக்குக் கையெழுத்து வைக்கப் பழக்கியது நான். அக்காவின் படிப்பு இடப்பெயர்வில் எங்கோ ஒரு கூடாரத்தில் நின்றுபோனது. நான் வவுனியாவில் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்துப் பட்டத்தோடு வீட்டுக்கு வந்தேன். பட்டமளிப்பு உடுப்போடு எடுத்த படம் எங்கள் வீட்டில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில்தான் தொங்குகிறது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் நான் இன்றைக்கும் ஒரு தரம் பார்ப்பேன். அதில் எனக்கு வெட்கமில்லை. அப்போது ஆசிரியர் நியமனத்துக்காகக் காத்திருந்தேன். கையில் நேரம் இருந்தது.

ஆனால் துரவை நான் விடாமல் பிடித்ததற்குப் படிப்புக் காரணமில்லை.

போர் முடிந்து நாங்கள் மீளக் குடியேற வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் சின்னப்பிள்ளை. பஸ்ஸால் இறங்கி நடந்து வந்தால் வளவு எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. வேலி இல்லை. வீடு இல்லை, சுவர் இருந்த அடையாளமும் இல்லை. தென்னைகள் தலையில்லாமல் நின்றன. ஆளுயரத்துக்கு மேலே பற்றை. அம்மா ஓரிடத்தில் நின்று, “இதுவோ குசினி?” என்று கேட்டார். பிறகு இன்னோரிடத்தில் நின்று அதையே கேட்டார். அப்பா ஒரு தடியை முறித்துக்கொண்டு பற்றைக்குள் போனார். நாங்கள் பின்னால் போனோம். வளவின் மூலையில் தரையோடு தரையாகச் சல்வீனியா என்ற நீர்ப்பூண்டு பச்சைப் பாய் விரித்ததுபோல மூடிக் கிடந்தது. அப்பா தடியால் அதைக் கிழித்து இரண்டு பக்கமும் ஒதுக்கினார். உள்ளே கறுத்த தண்ணீர் திறந்தது. அதற்குள் வானம் தெரிந்தது.

“இருக்கு,” என்றார் அப்பா.

அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

அந்தத் துரவிலிருந்து காலடி வைத்து அளந்துதான் வீடு எங்கே இருந்தது, குசினி எங்கே இருந்தது என்று அப்பா கண்டுபிடித்தார். இன்றைக்கு நாங்கள் இருக்கும் வீட்டின் அத்திவாரம் அந்த அளவில் போட்டது. பிறகு குழாய்க்கிணறு வந்தது. துரவுக்குள் தென்னோலை விழுந்தது, உடைந்த கதிரை போனது, கிழிந்த உரப்பை போனது. ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானுந்தான். மூடுறன் என்ற சொல்லைக் கேட்டபோதுதான் அந்தத் தண்ணீருக்குள் தெரிந்த வானம் எனக்கு நினைவு வந்தது.

சிறுபோக நெல் வெட்டு முடிந்து வாய்க்கால் வற்றிய ஆவணி மாதத்தில் வேலையைத் தொடங்கினோம். தண்ணீர் நடுவில் மட்டும் நின்றது. பம்பை வைத்து அதையும் இறைத்துவிட்டுச் சேற்றில் இறங்கினேன். அப்பா கரையில் நின்று பார்ப்பதாகத்தான் பேச்சு. நான் மண்வெட்டி பிடித்த விதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, முதல் கொத்துக்களைத் தானே மெல்ல மெல்லப் போட்டார். சண்டை நடந்த எங்கள் ஊரில் பழைய குழிகளை ஒருவரும் அவசரப்பட்டுக் கொத்துவதில்லை, வெடிக்காத குண்டு கிடக்கலாம். ஒன்றும் தட்டுப்படவில்லை என்று கண்டபிறகுதான் என்னை வரவிட்டார்.

வேலியால் எட்டிப் பார்த்த முன்வீட்டு மாமி, “என்ன, கம்பஸ் முடிச்சவா சேறு அள்ளுறா?” என்றார்.

“ஓம் மாமி. பட்டதாரிச் சேறு. உங்கட வாழைக்கு ஒரு கடகம் தரவோ?”

“தா தா. வாழையாவது படிக்கட்டும்.”

அவர் உண்மையாகவே ஓலைக் கடகத்தோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்.

பின்னேரம் கரையோரத்துக்கு வந்தோம். அங்கே சேறு பல கிழமை வெயிலில் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மேலே நடந்தால் கால் புதையாது. அப்பா ஒரு பாளத்தைக் கிளப்பினார். அடியில் களி இன்னும் ஈரமாக இருந்தது. அந்தக் களியில் ஒரு கட்டி வாயைத் திறந்தது.

நான் பின்னால் விழப் பார்த்தேன். கட்டி மறுபடியும் வாயைத் திறந்து மூடியது. அப்பா இரண்டு கையாலும் அதைத் தோண்டி எடுத்து வாளித் தண்ணீரில் அலசினார். சேறு கரையக் கரைய அதற்குள்ளிருந்து ஒரு விரால் வந்தது. என் முன்னங்கை நீளம். பாம்பின் தலை, கறுத்த முதுகு, வெளுத்த வயிறு. தண்ணீரில்லாத இடத்தில், மண்ணுக்குள், எத்தனை நாளாக இருந்ததோ தெரியாது.

விரால் காற்றைச் சுவாசிக்கும் என்று எனக்குத் தெரியும். தலைக்குள் அதற்கென ஓர் உறுப்பு உண்டு. அதைப் படமாகக் கீறிப் பெயர் குறித்துப் புள்ளி வாங்கியிருக்கிறேன். ஆனால் நான் கீறிய படம் ஒருநாளும் என்னைப் பார்த்து வாயைத் திறந்ததில்லை. வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து இருட்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அது மேலே வந்து ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு, அவசரமில்லாமல் கீழே போனது.

“இண்டைக்கு வெள்ளிக்கிழமை. அதைக் குசினிப் பக்கம் கொண்டு வராதேங்கோ,” என்றார் அம்மா.

“ஆருக்கும் குடுத்து விடுங்கோ அப்பா,” என்றேன். அப்பா வாளியைச் சுளகால் மூடி, பறக்காமல் மேலே ஒரு கல்லை வைத்து, மாமரத்தடியில் விட்டார். அதோடு நான் அதை மறந்துவிட்டேன்.

அடுத்த நாள் விடிய எழும்பித் துரவடிக்குப் போனேன். வெறும் களிமண் கிண்ணமாகத்தான் விட்டுவிட்டு வந்திருந்தோம். இப்போது அதன் அடியில் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு தண்ணீர் நின்றது. கண்ணாடி மாதிரி. பக்கத்துச் சரிவில் மணல் ஓரிடத்தில் மெல்ல மெல்லக் கொதிப்பதுபோலக் குமிழ்ந்துகொண்டிருந்தது. யாரும் ஊற்றாத தண்ணீர். மத்தியானம் பார்த்தால் அது கதிரைப் பலகையளவு. மறுநாள் பாயளவு. இரவில் வந்து பார்க்க ஆசையாக இருந்தது, பாம்புக்குப் பயந்து போகவில்லை. சுண்ணாம்பு தெளித்தேன். மாட்டெரு கரைத்து விட்டேன். தண்ணீர் கலங்கி, தெளிந்து, இளம் பச்சைக்கு வந்தது. படித்ததில் எழுதியிருந்த அதே பச்சை. எல்லாம் சரியாகத்தான் செய்தேன். அதை இன்றைக்கும் ஒருவரும் மறுக்கமாட்டார்கள்.

குஞ்சு வாங்க வவுனியாவுக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் யப்பான் மீன் என்று சொல்லும் திலாப்பியாவின் குஞ்சுகள். வேப்பங்கொட்டையளவில் ஒரு பை நிறைய. கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஒட்சிசன் அடித்து, பொலித்தீன் பையைப் பலூன் மாதிரிக் கட்டித் தந்தார்கள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு யன்னலோரம் இருந்தேன். பஸ் குழியில் விழுந்து எழும்பும்போதெல்லாம் பைக்குள் எல்லாக் குஞ்சும் ஒரே திசையில் திரும்பின.

கொண்டக்டர் வந்து குனிந்து பார்த்தார். “அக்கா, உதென்ன?”

“மீன் குஞ்சு.”

“எத்தினை பேர்?”

“எண்ணேல்லை.”

“அப்ப நான் எப்பிடி டிக்கெட் போடுறது? பின்னுக்கு நிக்கிறவை கேக்கினம், இவை எல்லாரும் இருந்து வரினமாம், நாங்கள் காசு குடுத்தும் நிண்டு வாறமாம்.”

பஸ் முழுக்கச் சிரித்தது. பிறகு ஒரு வயதானவர் தன் குடையை விரித்து யன்னல் வெயில் பையில் படாமல் பிடித்துக்கொண்டார். இறங்கும் இடம் வரும் வரை அவர் கையை இறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டேன். இரண்டு தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்தபிறகு வாயை அவிழ்த்தேன். குஞ்சுகள் உடனே போகவில்லை. பையின் வாசலில் கூட்டமாக நின்றன. ஒன்று வெளியே போனது. பிறகு எல்லாம் ஒரு கை மணலை வீசியதுபோலப் பரந்து பச்சைக்குள் மறைந்தன. நான் சிரித்துக்கொண்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் குஞ்சு போன பக்கத்தைப் பார்க்காமல் துரவின் மறுகரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உவ்வளவு சின்னனோ?” என்றார்.

“வளரும் அப்பா.”

“ம்.”

முதல் கிழமை தவிடு தூவினால் தண்ணீர் மழை விழுந்ததுபோலப் புள்ளி புள்ளியாகத் துடிக்கும். மூன்றாம் கிழமை அந்தத் துடிப்புக் குறைந்தது. நான் மீன்கொத்தியில் சந்தேகப்பட்டேன். துரவுக்கு மேலே குறுக்கும் மறுக்குமாக நூல் கட்டி, பழைய சீடிகளைத் தொங்கவிட்டேன். பிறகு கொக்கில் சந்தேகப்பட்டேன். அதைக் கல்லெறிந்து கலைத்தேன். நான் வாய்விட்டுத் திட்டியதை எல்லாம் கேட்டுக்கொண்டு அப்பா பேசாமல் நூல் கட்ட உதவி செய்தார். மிகவும் பேசாமல்.

ஒரு பின்னேரம் தவிடு தூவினேன். பத்துப் பதினைந்து குஞ்சுகள் மேலே கூடின. அவற்றுக்குக் கீழே பச்சை கொஞ்சம் கறுத்தது. கறுப்பு மேலே எழும்பியது. அதற்குக் கண் இருந்தது. டப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். குஞ்சுகள் நின்ற இடத்தில் ஒரு வளையம் மட்டும் விரிந்து போனது.

நான் போட்ட கூச்சலில் அப்பா மண்வெட்டியோடு ஓடி வந்தார். “பாம்போ?”

“விரால்! இவ்வளவு பெரிய விரால்!”

“அட, அவர் நிக்கிறாரோ?” அவருடைய குரலில் அப்படியொரு சந்தோஷம்.

“ஆர் அவர்?”

அப்பா மண்வெட்டியைப் பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் கிணறு இறைக்கும்போது உள்ளே நிற்கும் மீனைப் பிடித்து வாளியில் வைத்திருப்போம். ஊற்று வந்ததும் முதல் வேலையாக அதைத் திருப்பி விடுவோம். அதை ஒருவரும் கறியாக்குவதில்லை, ஒருவருக்கும் கொடுப்பதுமில்லை. கிணற்றைக் காக்க விட்ட மீன் அது. அப்பா வாழ்நாள் முழுக்கச் செய்துவந்த காரியம். நான் குஞ்சு வாங்க வவுனியாவுக்குப் போன அன்று, சுண்ணாம்புக் காரம் போய்ப் பச்சை கட்டிய துரவுத் தண்ணீரைப் பார்த்ததும் அவருடைய கை தன்பாட்டில் மாமரத்தடி வாளியில் இருந்த விராலைத் திருப்பி விட்டுவிட்டது.

“தண்ணிக்குள்ள ஒரு சீவனும் இல்லாமல் விடக்கூடாது பிள்ளை.”

“அது கிணத்துக்கு அப்பா! கிணத்துக்குள்ள ஆரும் குஞ்சு வளக்கினமோ?”

“நீ உவ்வளவு சின்னன் கொண்டு வருவாயெண்டு நான் கண்டனானோ? நான் உள்ளங்கை அளவில நினைச்சிருந்தன்.”

“சொல்லியிருக்கலாமே!”

“நீ சந்தோஷமாய் இருந்தாய்.”

அம்மா குசினி வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “நல்ல கூத்து. மகள் வவுனியாவில இருந்து பஸ்ஸில சாப்பாடு ஏத்திக்கொண்டு வாறா. தகப்பன் முன்னமே ஆளைக் கூப்பிட்டுப் பந்தியில இருத்தி வைச்சிருக்கிறார்.”

“சரி,” என்றேன். “பொங்கலண்டைக்கு அந்தாளைக் காட்டுறன். மீன்தானே.”

“அவர் நான் விட்டவர்,” என்றார் அப்பா. “நீ விட்டதைக் காட்டு. பேச்சு அதுதான்.”

அக்காவின் மகள் அன்றைக்கும் வேலியில் இருந்த சந்துக்குள்ளால் புகுந்து துரவுக்கு நடந்து வந்துகொண்டிருந்தாள். அப்பா அவளைத் தூக்கித் தோளில் வைத்தார். அவருக்கு அது விளையாட்டுப் பேச்சில்லை என்று எனக்குத் தெரியும்.

விராலைப் பிடிக்கத் தூண்டில் போட்டேன். மண்புழு வைத்தேன், தொடவில்லை. தவளை வைத்தேன். தவளையைத் தின்றுவிட்டுத் தூண்டிலை எனக்கு மிச்சம் வைத்தது. மேலே வந்து ஒரு வாய் காற்று, என்னை ஒரு பார்வை, கீழே போவது. புரட்டாதி முழுக்க இப்படித்தான் போனது.

ஐப்பசியில் முதல் பெருமழை பின்னேரம் பிடித்தது. வன்னியில் முதல் மழை பெய்தால் மண்ணிலிருந்து சூடு எழும்பி முகத்தில் அடிக்கும். பிறகு வயல் வெளிக்கு அப்பாலிருந்து இரைச்சல் நடந்து வரும். நானும் அம்மாவும் விறகை நனையாமல் ஓலைக் கூரை மாலுக்குள் இழுத்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் வாய்க்கால் நிரம்பி, வேலிக்குக் கீழால் ஒரு விரலாழத் தண்ணீர் வளவுக்குள் புல்லின் மேலே படர்ந்தது.

“பாம்பு!” என்று அம்மா விளக்குமாற்றை எடுத்தார்.

வேலியடியில் கறுப்பாக ஒன்று நெளிந்துகொண்டிருந்தது. பாம்பு போல வழுகவில்லை. தலையை இடது பக்கம் எறிந்தது, வலது பக்கம் எறிந்தது, ஒரு முழம் முன்னேறியது. நின்றது. வாயைத் திறந்து மழைக்குள் ஒரு மூச்சு எடுத்தது. மறுபடியும் தலையை எறிந்தது.

அது ஒரு விரால். எங்கள் முற்றத்தில் மீன் ஒன்று நடந்து வந்துகொண்டிருந்தது.

அம்மாவின் கையில் விளக்குமாறு தூக்கியபடியே நின்றது. மீன் எங்கள் இருவருக்கும் நடுவால் போனது. குனிந்தால் பிடித்திருக்கலாம். அதன் முதுகில் புல் ஒட்டியிருந்தது, செதிலில் மண் பட்டிருந்தது. அதன் பின்னால் தீப்பெட்டியளவில் பனையேறி மீன்கள் மூன்று நாலு, செவுளைக் குத்திக் குத்தி, கிழவர்கள் கைத்தடி ஊன்றுவதுபோல நடந்து வந்தன. வேலியிலிருந்து துரவு வரைக்கும் எங்கள் காலால் கொஞ்சத் தூரந்தான். அவற்றுக்கு அது எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாது. ஒன்றுகூட வழி பிழைத்து வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. விரால் கரையின் விளிம்பில் ஒரு தரம் நின்றது. பிறகு சத்தமே இல்லாமல் உள்ளே இறங்கிவிட்டது.

நாங்கள் தலை முழுக்க நனைந்திருந்தோம்.

“இதுகளுக்கு இஞ்ச தண்ணி இருக்கெண்டு ஆர் சொன்னது?” என்றார் அம்மா.

எனக்குத் தெரியவில்லை. படித்த எல்லாவற்றையும் மனதுக்குள் புரட்டினேன். மழைக்கு மீன் ஏறும் என்று இருந்தது. எங்கள் துரவு என்று எப்படித் தெரியும் என்பது அதில் இல்லை. அம்மாவுக்குத் தெரியாத ஒன்றை அம்மா என்னிடம் கேட்டால் நான் பதில் சொல்லிவிடுவேன், அப்படித்தான் எங்கள் வீட்டில் வழக்கம். அன்றைக்கு, “தெரியேல்லை அம்மா,” என்றேன்.

வயலால் வந்த அப்பா கதையைக் கேட்டுவிட்டு, “உன்ர குஞ்சுகளுக்கு இன்னொரு யமன். ஏன் பிடிக்கேல்லை?” என்றார்.

“நீங்கள் நிண்டிருந்தாலும் பிடிச்சிருக்க மாட்டியள்,” என்றார் அம்மா.

கார்த்திகையில் துரவு கரை தட்ட நிரம்பியது. பரிசோதகர் மழைக்கோட்டோடு வந்து மறுபடியும் அகப்பையை விட்டுக் கோலினார். மூன்று இடத்தில் கோலினார். தெளிந்த தண்ணீர்தான் வந்தது. “நல்லம்,” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

“அவருக்கு நுளம்புதான் பயம். எனக்கு உந்த நடக்கிற பிள்ளை,” என்றார் அவர். கிரவல் இன்னும் வருவதாகத்தான் இருந்தது.

என் யப்பான் குஞ்சுகளில் ஏதாவது மிஞ்சியிருக்குமா என்றே எனக்குத் தெரியாது. தவிடு தூவினால் ஒன்றும் மேலே வரவில்லை. மார்கழியில் வாய்க்கால் பக்கத்துக் கரையோரப் புல்லில், ஒரு சுளகளவு வட்டமாக, யாரோ கையால் ஒதுக்கியதுபோலத் தண்ணீர் வெளித்திருந்ததைக் கண்டேன். குழந்தை வந்து கையை விட்டிருக்கிறாள் என்று பயந்து, வேலிச் சந்தை அன்றைக்கே கம்பியால் கட்டினேன்.

பொங்கலுக்கு முந்திய கிழமை ஒரு காலையில் வெயில் சரிவாகத் துரவில் விழுந்துகொண்டிருந்தது. தண்ணீருக்குள் செம்மஞ்சளாக ஏதோ தெரிந்தது. பழுத்த இலை என்று நினைத்தேன். இலை நகர்ந்தது. பூசணிக்காயளவில் ஒரு சிவந்த உருண்டை, உள்ளுக்குள்ளே சுழன்றுகொண்டே, மெல்ல மேலே வந்தது. மேலே வந்ததும் தண்ணீர் பொரிவதுபோலச் சடசடத்தது. ஒவ்வொரு பொரியும் ஒரு வாய். நெல்மணி நீளத்தில் ஆயிரக்கணக்கான விரால் குஞ்சுகள், எல்லாம் சிவப்பு, எல்லாம் ஒரே நேரத்தில் மூச்செடுக்க வந்திருந்தன. எடுத்ததும் உருண்டை மூடிக்கொண்டு கீழே போனது. அது போன இடத்துக்குக் கீழே இரண்டு கறுத்த நிழல்கள் நின்றன. ஒன்று அப்பா விட்டது. மற்றது மழைக்குள் நடந்து வந்தது. மார்கழியில் புல்லுக்குள் நான் கண்ட வட்டம் அவை முட்டையிட்ட கூடு.

அப்பாவைக் கூப்பிடத் திரும்பினேன். அப்போது கொக்கு வந்து கரையில் இறங்கியது. நான் கல்லெறிந்து கலைத்த அதே கொக்காகத்தான் இருக்கவேண்டும். அது ஒரு காலை எடுத்துத் தண்ணீரில் வைத்தது. துரவு வெடித்தது. தண்ணீர் என் முகத்தில் அடித்தது. விரால் பாதி உடம்பு வெளியே வந்து கொக்கின் காலடியில் மோதிவிட்டு விழுந்தது. கொக்கு கத்திக்கொண்டு பறந்து போனது. நான் கட்டிய சீடிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஆடின.

சத்தம் கேட்டு அப்பா பல் தீட்டிக்கொண்டிருந்த பிரஷோடு வந்தார். நான் விரலை மட்டும் நீட்டினேன். அவர் குந்தினார். உருண்டை மறுபடியும் மேலே வந்து, பொரிந்து, மூடிக்கொண்டு போனது. வாயில் பிரஷ் அப்படியே நின்றது. நுரை நாடியால் வழிந்தது, அவர் துடைக்கவில்லை. அம்மா வந்தார். அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். குழந்தையின் கை உருண்டை போன பக்கமெல்லாம் நீண்டு நீண்டு திரும்பியது.

வெயில் ஏறியபிறகுதான் அப்பா பிரஷை எடுத்தார்.

“உது நீ விட்டதில்லை,” என்றார்.

“இல்லை.”

“நான் விட்டதுமில்லை.”

“இல்லை.”

அவர் எழும்பிப் போய்விட்டார்.

பொங்கலன்று பால் பொங்கி, சூரியனுக்குப் படைத்து, வெடி கொளுத்தி முடிந்ததும் அப்பா புது வேட்டியோடு துரவடிக்கு வந்தார். சொன்னால் சொன்னதுதான். நான் பொங்கலில் ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் போட்டேன். சோறு வெள்ளையாகக் கீழே போய்க்கொண்டிருந்தது. நாங்கள் நின்றோம். கோரைப்புல் நின்ற மூலையில் ஒரு வால் அசைந்தது. உள்ளங்கையளவு யப்பான் ஒன்று பக்குவமாக வெளியே வந்து, ஒரு பருக்கையை எடுத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிக் கோரைக்குள் போனது. பின்னால் இன்னொன்று. அத்தனையிலும் மிஞ்சியவை. விரால் இருக்கும் தண்ணீரில் எங்கே நிற்கவேண்டும் என்று படித்தவை.

“கண்டிட்டன்,” என்றார் அப்பா. பிறகு, “ஆனால் கிரவலுக்குச் சொன்னது சொன்னதுதான்,” என்றார்.

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. நான் அழவில்லை. அதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

நிலம் காய்ந்ததும் ட்ரெக்டர் வந்தது. பெட்டி நிறையச் சிவந்த கிரவல். வேலியைப் பிரித்து உள்ளே விட்டார்கள். நான் துரவுக்கும் ட்ரெக்டருக்கும் நடுவில் போய் நின்றேன். அப்பா என் கையைப் பிடித்து ஓரமாக்கிவிட்டு, சாரதிக்குக் கையைக் காட்டினார்.

“விளிம்பில கொட்டு. உள்ளுக்கு ஒரு கல்லும் விழக்கூடாது.”

அவர் துரவைச் சுற்றி வரம்பு போட்டார். குழந்தை கால் வழுக்காத அகலத்துக்கு, மழைக்குக் கரை சரியாத உயரத்துக்கு, கிரவலை இழுத்து இழுத்து அடித்து இறுக்கினார். என் கையிலும் ஒரு மண்வெட்டியைத் தந்தார். வரம்பு மூன்று பக்கமும் வந்து, வாய்க்கால் பக்கம் மட்டும் மிச்சமிருந்தது. சாரதி கடைசிப் பெட்டியை அந்தப் பக்கம் திருப்பினார்.

“அங்க வேண்டாம். மிச்சத்தை வாசல் படலையடியில கொட்டிவிடு.”

“அண்ணை, அப்ப இந்தப் பக்கம் திறந்தெல்லோ கிடக்கு?”

“அது அவையின்ர வழி.”

“ஆரின்ர வழி?”

அப்பா நாடியால் தண்ணீரைக் காட்டினார். சாரதி எட்டிப் பார்த்தார். நேரம் மத்தியானம். உருண்டை ஆழத்தில் நின்றது. ஒன்றும் தெரிந்திருக்காது. அவர் என்னைப் பார்த்தார். நான் ஓம் என்று தலையாட்டினேன்.

பின்னேரம் வரம்பின் மேலே சுற்றிவரக் கதியால் தடிகள் நட்டு வலை அடித்தோம். வாய்க்கால் பக்கத்திலும் அடித்தோம், ஆனால் அந்தப் பக்கம் வலையின் அடியை நிலத்தோடு கட்டவில்லை. அப்பா தன் கையைப் பக்கவாட்டில் நிறுத்தி நிலத்தில் வைத்துப் பார்த்தார், ஒரு விராலின் உயரம். கொஞ்சம் யோசித்து இன்னும் ஒரு விரல் கூட்டினார். பிறகு அக்காவின் மகளைக் கூப்பிட்டு அந்த இடத்தில் விட்டார். அவள் குனிந்து பார்த்தாள், தலையை நுழைத்துப் பார்த்தாள், முடியவில்லை. குப்புறப் படுத்து, கன்னத்தைப் புல்லில் வைத்து, அந்த இடைவெளியால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

“இவ்வளவு உயரம் காணும், கூட வேண்டாம்,” என்றார் அப்பா. வலையை அந்த உயரத்திலேயே இழுத்துக் கட்டினார்.